மழை விடாத நாளில் இரண்டு வயதுப் பிள்ளையை வீட்டுக்குள் எப்படிச் சமாளிப்பது?

மலைநாட்டில் நானுஓயாப் பக்கம், இரண்டு காம்பராவும் ஒரு குசினியுமான வீடு, இரண்டே கால் வயது மகன், நாலு நாளாக விடாத மார்கழி மழை. எதைக் கையில் கொடுத்தாலும் ஐந்து நிமிடத்தில் வீசிவிட்டுப் போனைக் கேட்டு அழுகிறான், தண்ணீரில் விளையாட விட்டால் சளி பிடிக்கும் என்று மாமி தடுக்கிறார், என்ன விளையாட்டுச் சாமான் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரி சாமானைப் பற்றியது என்றாலும், அதற்கு முன் நீங்கள் எழுதியிருப்பதெல்லாம் வேறு விஷயம். முற்றத்தில் ஓடித் திரிய வேண்டிய பிள்ளை உள்ளே அடைபட்டுக் கிடக்கிறான். அவனைப் பார்த்துக்கொண்டே நீங்கள் சமைக்கவும் துவைக்கவும் வேண்டியிருக்கிறது. சின்னப் பிள்ளைகளைப் பராமரிக்கும் நிலையங்களில் மழைக்காலத்தை ஓட்டிப் பழகிய அனுபவத்தில் அதற்குப் பதில் சொல்கிறேன். சாமான் ஒன்றும் வாங்கத் தேவையில்லை. நாளின் வரிசையை மாற்றிப் பாருங்கள்: முதலில் உடம்புக்கு வேலை, பிறகு கைக்கு வேலை, உட்கார்ந்து பார்ப்பதும் கேட்பதும் அதற்கும் பிறகு. பெரும்பாலான வீடுகளில் மழை நாளில் இது தலைகீழாக நடக்கிறது. குளிர் என்று காலையில் போர்வைக்குள் கார்ட்டூனோடு தொடங்குகிறார்கள். பதினொரு மணிக்குப் பிள்ளை கதிரைமேல் ஏறிக் குதிக்கிறான், அதற்குள் வீட்டில் எல்லாருக்கும் பொறுமை போய்விடுகிறது.

உடம்பு வேலையைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்காக உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டல், ஒன்று முதல் இரண்டு வயதுவரையான பிள்ளைக்கு ஒரு நாளில் குறைந்தது 180 நிமிட உடல் அசைவு வேண்டும் என்கிறது. ஒரே மூச்சில் வேண்டியதில்லை. நடப்பது, ஏறுவது, இழுப்பது, குனிந்து பொறுக்குவது எல்லாம் நாள் முழுக்கச் சேர்ந்து மூன்று மணி நேரம். வெளியே திரியும் பிள்ளைக்கு இது தானாக வந்துவிடும். இரண்டு காம்பராவுக்குள் நாம்தான் வழி பண்ண வேண்டும். அதிலும் ஓட்டத்தைவிடப் பாரம் தள்ளுவதும் இழுப்பதும் சின்ன இடத்துக்கு ஏற்றவை. ஓடுகிற பிள்ளை இன்னும் ஓடத்தான் பார்ப்பான். பாரம் தள்ளிய பிள்ளை களைத்து உட்காருவான். இதற்கு ஆய்வுச் சான்று இருக்கிறதென்று நான் சொல்லவில்லை, பிள்ளைகளோடு வேலை செய்பவர்கள் பரவலாகக் கண்டது.

செய்யும் விதம் இது. கடையில் கிடைக்கும் மட்டைப்பெட்டி ஒன்றில் இரண்டு மூன்று கிலோ உருளைக்கிழங்கை ஒரு பையில் கட்டி வையுங்கள். அடியில் பழைய சாக்கை மடித்துப் போட்டால் சீமெந்துத் தரையில் வழுக்கிக்கொண்டு போகும். வெறும் பெட்டியைக் கொடுத்தால் தள்ளியதும் அது முன்னால் ஓடிவிடும், பிள்ளை முகங்குப்புற விழுவான். ஐந்து கிலோவுக்கு மேல் ஏற்றினால் நகராது, அவனுக்குக் கோபம்தான் மிஞ்சும். முன் காம்பராவிலிருந்து குசினி வாசல்வரை தள்ளி வந்து ஒரு கிழங்கை உங்களிடம் தர வேண்டும், மறுபடி போய் மறுபடி வர வேண்டும். இப்படி ஒரு காரணம் இருந்தால்தான் விளையாட்டு நீளும். மெத்தையைத் தரையில் போட்டுக் குதிக்கவும் உருளவும் விடலாம், ஆனால் சுவரோடு ஒட்டிப் போடாமல் எல்லாப் பக்கமும் ஒரு முழமாவது இடம் விடுங்கள். தலை போய் மோதுவது சுவரில்தான். கட்டிலிலிருந்து மெத்தைக்குக் குதிக்கும் பழக்கத்தைத் தொடங்கவே வேண்டாம். மெத்தை இல்லாத நாளிலும் அவன் குதிப்பான். இன்னொன்று, மழை நாளில் சீமெந்துத் தரை வியர்க்கும். காலுறையோடு ஓடினால் வழுக்கும். ஓடும்போது வெறுங்கால், உட்கார்ந்த பிறகு துடைத்துவிட்டுக் காலுறை என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் இருபது நிமிடம், பகல் சாப்பாட்டுக்கு முன் பத்து நிமிடம், பின்னேரம் நாலு மணிக்கு இன்னொரு இருபது நிமிடம் என்று இதை நாளின் தூண்களாக நிறுத்தினால், மற்ற அசைவுகள் இடையில் தாமாக நிரம்பும்.

ஐந்து நிமிடத்தில் வீசிவிடுகிறான் என்பது குறையில்லை, அந்த வயது அப்படித்தான். வயதுக்கு இத்தனை நிமிடக் கவனம் என்று சுற்றிவரும் கணக்குகளை நான் நம்புவதில்லை. அதே பிள்ளை குழாயடியில் அரை மணி நேரம் நிற்பதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். நீளத்தைத் தீர்மானிப்பது, இந்த வாரம் அவன் எந்தச் செயலைத் திரும்பத் திரும்பச் செய்கிறான் என்பதே. இந்த வயதில் பிள்ளைகள் ஒரு செயலைப் பிடித்துக்கொண்டு அதையே எல்லாப் பொருளிலும் செய்து பார்ப்பார்கள். ஒருவன் எதையாவது தூக்கிக்கொண்டு அங்கும் இங்கும் போவான். ஒருவன் வீசுவான். ஒருவன் மேசைக்கடியில் நுழைவான், இன்னொருவன் ஒன்றுக்குள் ஒன்றைப் போட்டுப் போட்டு எடுப்பான். ஒன்றும் கொடுக்காமல் அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருங்கள், எது உங்கள் மகனுடையது என்று தெரிந்துவிடும். பிறகு அந்தச் செயலையே அனுமதித்த வடிவத்தில் கொடுங்கள். 'கொடுத்ததை எல்லாம் வீசுகிறான்' என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அவன் வீசும் கட்டத்தில் இருக்கக்கூடும். காலுறைகளைச் சுருட்டிப் பத்துப் பந்து செய்து, அரை மீற்றர் தள்ளி ஒரு பேசினை வையுங்கள். இரண்டு வயதில் குறி வராது. ஒரு மீற்றருக்கு மேல் போனால் ஒன்றும் விழாது, பந்தும் பேசினும் சேர்ந்து பறக்கும். பேசினுக்குப் பதில் தகரத் தட்டு வைத்தால் விழும் சத்தம் அவனுக்குப் பரிசு, உங்களுக்குத் தலைவலி.

தூக்கித் திரிபவனுக்கு ஒரு சின்னக் கூடையும் நிரப்ப ஏதாவதும் போதும். மரக்கறி ஏற்றும் பிளாஸ்டிக் கூடை வீட்டில் இருந்தால் நல்லது. அதன் ஓட்டைகளில் பழைய துணிக்கீற்றுகளைப் பாதி வெளியே தெரியச் செருகி வையுங்கள். அவன் ஒவ்வொன்றாக இழுத்துத் தன் கூடையில் போடுவான்; மலையில் அம்மாமார் கொழுந்து எடுப்பதைப் பார்த்த பிள்ளைக்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல்லித்தரவே வேண்டாம். கீற்று ஒரு சாணுக்கு மேல் நீளக் கூடாது, நீளமான துணியும் கயிறும் கழுத்தில் சுற்றும். வீட்டுக்குள் அவன் உயரத்தில் கொடி கட்டி அதில் தொங்கவிடும் யோசனை வந்தால், அதே காரணத்துக்காக அதை விட்டுவிடுங்கள். போட்டு எடுப்பவனுக்கு ஒரு லீற்றர் ஐஸ்கிரீம் டப்பாவின் மூடியில் எட்டு சென்ரிமீற்றர் நீளம், ஒன்றரை சென்ரிமீற்றர் அகலத்தில் ஒரு கீறல் வெட்டுங்கள். உள்ளே தள்ளுவதற்கு ஜாம் போத்தல் மூடிகள். பலர் சோடாப் போத்தல் மூடிகளைக் கொடுக்கிறார்கள். அது தவறு. மூன்று வயதுக்குட்பட்டவர்களின் விளையாட்டுச் சாமானைச் சோதிக்கும் குழாயின் விட்டம் 31.7 மில்லிமீற்றர், அதற்குள் முழுவதும் அடங்குவது எதுவும் தொண்டையை அடைக்கக்கூடியது என்று கொள்வார்கள். சோடா மூடி ஏறத்தாழ அந்த அளவுதான். பருப்பு, கச்சான், புளியங்கொட்டை, மணி, பட்டன் எதையும் தரம் பிரிக்கக் கொடுக்க வேண்டாம். மூக்கில் போன பயறு ஈரத்தில் ஊதும், பிறகு அதை வீட்டில் எடுக்கவே முடியாது. தோண்டினால் இன்னும் உள்ளே போகும், நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.

நீங்கள் சமைக்கும் நேரந்தான் எல்லாவற்றிலும் கடினமானது, அதற்கு ஆகச் சிறந்த விளையாட்டும் சமையலே. உங்கள் பக்கத்தில் கரட், லீக்ஸ், கோவா, உருளைக்கிழங்குக்குப் பஞ்சமில்லை. அடுப்பிலிருந்து இரண்டு மீற்றராவது தள்ளி, தரையில் சாக்கை விரித்து அவனை உட்கார வையுங்கள். கோவாவின் வெளி இலைகளைக் கிழிப்பது, லீக்ஸ் மடல்களை உரித்து மண் கழுவுவது, போஞ்சியை முறிப்பது மூன்றும் இரண்டு வயதுக் கைக்கு ஏற்றவை. ஒரே நேரத்தில் மூன்றையும் பரப்பாதீர்கள், ஒன்று முடிந்த பிறகு மற்றது. அவன் கிழித்த கோவா உண்மையில் சட்டிக்குள் போக வேண்டும். பொய் வேலை என்று தெரிந்தால் மறுநாள் உட்கார மாட்டான். வேலை உங்களுக்கு இரண்டு மடங்கு நேரம் எடுக்கும், அதை முன்கூட்டியே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். பச்சைக் கரட் துண்டைக் கடிக்க மட்டும் விடாதீர்கள். அது கடினமாக, வட்டமாகத் தொண்டையில் போய் நிற்கும். கேத்தலும் சுடுசட்டியும் அவன் கை எட்டாத பின்பக்கம் இருக்கட்டும். இந்த வயதில் சுடுபடுவது அதிகமும் தேநீராலும் சுடுதண்ணீராலுந்தான்.

மா பிசைந்து விளையாடுவதை எல்லாரும் சொல்வார்கள், நானும் சொல்கிறேன், ஆனால் ஒரு திருத்தத்தோடு. வழக்கமான அளவு இரண்டு கோப்பை கோதுமை மா, ஒரு கோப்பை உப்பு, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், கொஞ்சம் கொஞ்சமாக முக்கால் கோப்பை இளஞ்சூடான தண்ணீர். உப்பு, மா கெடாமலிருக்கச் சேர்ப்பது. அத்தனை உப்பு ஒரு சின்னப் பிள்ளையின் வயிற்றுக்குள் போனால் ஆபத்து, பச்சை மாவிலும் நோய்க்கிருமி இருக்கலாம். எதையும் வாயில் வைக்காத பிள்ளைக்குத்தான் அந்தக் கலவை. உங்கள் மகன் இன்னும் வாயில் வைப்பவன் என்றால், பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் செய்வதுபோல் மாவை அவித்து அரித்து, ஒரு கோப்பை மாவுக்கு ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெய் விட்டு, சுடுதண்ணீரில் நீங்களே குழைத்து ஆறவைத்துக் கொடுங்கள். அவித்த மா இழுபடாது, ரொட்டி மாபோல் நீளாது, ஆனால் உருட்டவும் அமுக்கவும் அதுவே வசதி. நிறத்துக்கு பீட்ரூட் அவித்த தண்ணீர் போதும். மஞ்சளைச் சேர்த்தால் சட்டையில் பட்ட கறை போகாது. உப்பில்லாத மாவை அன்றைக்கே எறிந்துவிட வேண்டும். உப்பு மாவும் மலைநாட்டு ஈரக்காற்றில் மறுநாளே கசிந்து பிசுபிசுக்கும், ஏனென்றால் உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். ஒரு கைப்பிடி மா தூவிப் பிசைந்தால் மீண்டும் சரியாகும்.

தண்ணீர் விஷயத்தில் மாமி சொல்வது பாதி சரி. சளியைக் கொண்டுவருவது வைரஸ், ஈரம் அல்ல, இது உறுதியானது. குளிரில் உடம்பு நடுங்கினால் ஏற்கெனவே மூக்கில் இருக்கும் வைரஸுக்கு இடம் கிடைக்குமா என்பதில் ஆய்வுகள் இரண்டு பக்கமும் பேசுகின்றன, அதனால் அவரை மறுத்துப் பேச வேண்டிய அவசியமில்லை. சின்ன உடம்பு நனைந்த சட்டையில் சீக்கிரம் சூட்டை இழக்கும் என்பதும் உண்மை. மறுபக்கம், யன்னலை எல்லாம் சாத்திக்கொண்டு ஆறேழு பேர் ஒரே அறையில் இருமுவதால்தான் மழைக்காலத்தில் சளி வீடு முழுக்கச் சுற்றுகிறது. பகலில் ஒரு யன்னலையாவது கொஞ்சம் திறந்து வையுங்கள். இருவருக்கும் பொதுவான வழி, தண்ணீர் விளையாட்டை மேல்கழுவும் நேரத்துக்குச் சற்று முன்னால் வைப்பது. எப்படியும் சட்டை மாற்றத்தான் போகிறீர்கள், ஈரத்துணி ஒரு செட்டோடு நிற்கும். துணி காயாத காலத்தில் இது சின்ன லாபமில்லை. பேசினில் முதலில் பச்சைத்தண்ணீர், பிறகு சுடுதண்ணீர் என்று கலந்து, முழங்கையால் பார்த்து, மூன்று லீற்றருக்கு மேற்படாமல் வையுங்கள். ஒரு சுண்டு, ஒரு புனல், ஒரு வடி போதும். இந்தக் குளிரில் பத்துப் பதினைந்து நிமிடத்தில் தண்ணீர் ஆறிவிடும், அத்தோடு விளையாட்டை முடியுங்கள். நடுவில் சுடுதண்ணீர் சேர்ப்பதென்றால் பிள்ளையை விலக்கிவிட்டுத்தான் சேர்க்க வேண்டும். நீங்கள் எழும்பிப் போகும் நொடியில் பேசினைக் கவிழ்த்துவிட்டுப் போங்கள், ஒரு சில அங்குலத் தண்ணீரிலும் சின்னப் பிள்ளை மூழ்கிவிடும்.

குளிரைச் சொல்லும்போது விளையாட்டைவிட முக்கியமான ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பிள்ளை விளையாடும் அறையைச் சூடாக்கவென்று அடுப்புத் தணலைச் சட்டியில் அள்ளி உள்ளே வைத்துக் கதவை அடைக்காதீர்கள். கனலும் கரியிலிருந்து வரும் காபன் மொனொக்சைட்டுக்கு மணமுமில்லை, நிறமுமில்லை. முதலில் தலைவலியும் தூக்கமும் வரும், தூங்கிவிட்டால் எழும்புவதில்லை. நுவரெலியா மாவட்டத்து மார்கழி இரவில் வெப்பநிலை 10 பாகைக்குக் கீழே போகும் என்றாலும், இரண்டு மூன்று சட்டையை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுவதும் ஒரு தொப்பியும் அந்தக் குளிருக்குப் போதும்.

மழை சற்றுத் தணியும்போது வெளியே கூட்டிப் போகலாமா? இடியில்லை, மின்னலில்லை, காற்று மரத்தை முறிக்கவில்லை என்றால் போகலாம், போகத்தான் வேண்டும். பதினைந்து நிமிடம் தண்ணீர்க் குழியில் மிதித்துவிட்டு வந்த பிள்ளை, வீட்டுக்குள் ஒரு மணி நேரம் குதித்த பிள்ளையைவிடச் சாந்தமாக இருப்பான். வாங்கத்தான் வேண்டும் என்று நினைத்தால் பூட்ஸும் மழைக்கோட்டும் வாங்குங்கள். உள்ளே கம்பளிச் சட்டை. பருத்தி நனைந்தால் உடம்போடு ஒட்டிக் குளிரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வாசலோரத்தில் தேங்கிய மழைத்தண்ணீர் பரவாயில்லை. லயத்துக் கான் ஓரம் வேண்டாம்: அங்கே ஓட்டமும் உண்டு, எலி மூத்திரத்தால் பரவும் காய்ச்சலுக்கும் இடமுண்டு, காலில் புண் இருந்தால் இன்னும் ஆபத்து. திரும்பி வந்ததும் விரலிடுக்கிலும் முழங்காலுக்குப் பின்னாலும் அட்டை பாருங்கள். இருந்தால் பிய்த்து இழுக்காமல், வாய்ப்பக்கத்துக்கு அடியில் நகத்தை நுழைத்துத் தள்ளிவிட்டுச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் உங்கள் பிரதேசத்துக்கு மண்சரிவு எச்சரிக்கை விட்டிருந்தால் இந்தப் பந்தி உங்களுக்கு இல்லை. அன்றைக்கு என்ன விளையாட்டு என்று யோசிக்கும் முன், எங்கே போய்த் தங்குவது என்று பாருங்கள்.

போனைப் பற்றி அதே 2019 வழிகாட்டல் சொல்வது, இரண்டு வயதில் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது என்று. மழை நாள் ஒன்றில் கூடுதலாக அரை மணி நேரம் பார்த்துவிட்டால் பிள்ளை கெட்டுப்போய்விடுவான் என்று எவரும் பயமுறுத்தினால் அதற்கு அவ்வளவு ஆதாரமில்லை. நிரந்தரப் பழக்கம்தான் கவலைக்குரியது. திரை பேச்சையும் தூக்கத்தையும் அசைவையும் தின்றுவிடுவதால் அந்தக் கவலை. அழும்போது கொடுப்பதை மட்டும் நிறுத்துங்கள். அழுதால் கிடைக்கும் என்று படித்துக்கொண்ட பிள்ளை நாளைக்கு இன்னும் சத்தமாக அழுவான். சமையலின் கடைசி இருபது நிமிடம் என்று நேரம் குறித்து, அவன் கேட்கும் முன் நீங்களே கொடுத்து, கார்ட்டூன் ஒன்று முடியும் இடத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பாதியில் பிடுங்கினால் சண்டைதான்.

பகல் தூக்கம் மூன்று மணிக்குள் முடியப் பாருங்கள். இருட்டு நாளில் நேரம் தெரியாமல் ஐந்துவரை தூங்கினால் இரவு பத்துக்கும் விளையாடிக்கொண்டிருப்பான். காலையிலேயே லைட்டைப் போட்டு வைப்பதும் இதற்கு உதவும். பின்னேரம் கரண்ட் போனால் மெழுகுதிரிக்குப் பதில் டோச்சைச் சுவரில் அடித்து விரல் நிழல் காட்டலாம், உள்ளங்கையில் பருப்புக் கடைந்து கக்கத்தில் கிச்சுக்கிச்சு மூட்டலாம். மாமிக்கு இது கைவந்த கலையாக இருக்கும், அவரிடமே விட்டுவிடுங்கள். டோச்சும் பாட்டுப் பாடும் மலிவுச் சாமானும் பட்டன் பற்றரியில் ஓடுபவையா என்று பாருங்கள், பற்றரி மூடி ஸ்குரூவால் பூட்டியிருக்க வேண்டும். அந்தப் பற்றரியை விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே காத்திருக்கக் கூடாது. இரண்டு மணி நேரத்தில் உணவுக்குழாயை அது அரித்துவிடும். வாந்தி எடுக்க வைக்காமல் 1990 சுவசெரிய அம்புலன்ஸுக்கு எடுத்து உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

நீங்கள் எழுதிய நாலு வரியை வைத்துத்தான் இவ்வளவும் சொல்லியிருக்கிறேன், பிள்ளையை நான் பார்க்கவில்லை. சலித்துப் போவதும் வீசுவதும் அழுவதும் அந்த வயதுக்குரியவை. ஆனால் 'அம்மா வா', 'பால் தா' என்பதுபோல் இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, ஆட்களைப் பார்க்காமல் ஒரே பொருளை மணிக்கணக்கில் சுழற்றுகிறான் என்று எதுவும் இருந்தால், அதை மழையின் தலையில் போடாமல், அடுத்த கிளினிக் நாளில் குடும்பநல உத்தியோகத்தரிடம் பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேட்டோடு போய்ச் சொல்லுங்கள்.